புதுப்பிப்பு: ஏற்றத்தில் மூச்சு வாங்கிய பழைய கார், கோளாறு கிடைத்துவிட்டது

கார்பரேட்டர் (பெட்ரோலைக் காற்றோடு கலந்து எஞ்சினுக்குக் கொடுக்கும் பாகம்) வைத்த என் பழைய வண்டி ஐடிலில் நன்றாக ஓடி, ஏற்றத்தில் ஆக்சிலேட்டரை மிதித்ததும் திணறி நின்றுவிடுகிறது, கொஞ்ச நேரம் விட்டால் மறுபடி ஸ்டார்ட் ஆகிறது என்று முன்பு எழுதியிருந்தேன். பலரும் டேங்கிலிருந்து பெட்ரோலை இழுக்கும் பம்ப்பை மாற்றச் சொன்னீர்கள், சிலர் வேப்பர் லாக் (சூட்டில் பெட்ரோல் பைப்புக்குள்ளேயே ஆவியாகி ஓட்டத்தைத் தடுப்பது) என்றீர்கள்.

பம்ப் நன்றாகவே இருக்கிறது. கேஜ் போட்டுப் பார்த்ததில் அழுத்தம் 4 பிஎஸ்ஐ, எஞ்சினே இயக்கும் மெக்கானிக்கல் பம்ப்புக்கு அது போதும். ஆனால் அழுத்தம் சரியாக இருந்தாலும் அளவு குறைவாக வரலாம் என்பதால் பம்ப்பிலிருந்து வரும் பைப்பைக் கழற்றி ஒரு பாட்டிலில் பிடித்தேன்: முதலில் நல்ல வேகம், அப்புறம் நூல் மாதிரி மெலிந்துவிட்டது. டேங்கைத் தவிர்த்து, தனி கேனிலிருந்து பம்ப்புக்குப் பெட்ரோல் கொடுத்ததும் குறையவே இல்லை, ஆக சிக்கல் பம்ப்புக்கு முன்னால், டேங்க் பக்கம்தான். டேங்க் மூடியைத் திறந்து வைத்தும் மாற்றமில்லை, அதனால் டேங்குக்குள் காற்று போகும் துளையில் அடைப்பும் இல்லை.

கடைசியில் பார்த்தால், கோளாறு டேங்குக்கும் இரும்புப் பைப்புக்கும் நடுவே உள்ள சின்ன ரப்பர் ஹோஸில். வெளியே ஒரு வெடிப்புகூட இல்லை. நீளவாக்கில் அறுத்துப் பார்த்தால் உள் உறை பிய்ந்து நாக்குபோலத் தொங்குகிறது, பம்ப் வேகமாக இழுக்கும்போது அதுவே வழியை அடைத்திருக்கிறது. எத்தனால் கலந்த பெட்ரோல் பழைய ரப்பரை இப்படித்தான் ஊறவைத்துக் கெடுக்கும். எத்தனாலைத் தாங்கும் ஆர்9 ரக ஹோஸ் போட்டிருக்கிறேன், ஏற்றத்தில் இப்போது இழுவை அருமை. பம்ப்பை மாற்றும் முன் தயவுசெய்து இந்த ஹோஸைப் பாருங்கள். பாட்டில் சோதனையை மட்டும் எஞ்சின் ஆறிய பிறகு, திறந்த வெளியில் செய்யுங்கள்.