பன்னிரண்டு தெர்மோகப்பிள்களும் ஒரே இடத்தில் இருந்தும் வெப்பநிலை வேறுபடுவது ஏன்?

உலைக்கூடம்:
அலுமினிய வார்ப்புகளை 530 டிகிரி செல்சியஸில் பதப்படுத்தும் மின் உலையில், வெப்பம் எங்கும் சீராக இருக்கிறதா என்று பார்க்க, 12 சேனல் ஸ்கேனருடன் (பல சென்சார்களை மாறி மாறி அளக்கும் கருவி) கே (K) வகைத் தெர்மோகப்பிள்களை (இரு வேறு உலோகக் கம்பிகளை முனையில் இணைத்துச் செய்த வெப்ப சென்சார்கள்) இணைத்திருக்கிறோம். எல்லா முனைகளையும் ஒரே கட்டாகக் கட்டி வைத்தாலும், முதல் நான்கு சேனல்கள் மற்றவற்றைவிட மூன்று நான்கு டிகிரி குறைவாகவே காட்டுகின்றன. கம்பிகளை இடம் மாற்றினாலும் குறை அதே சேனல்களில்தான் நிற்கிறது. பேனல் கதவைத் திறந்து வைத்தால் வித்தியாசம் ஏறத்தாழப் பாதியாகிறது. ஒன்பதாம் சேனலோ ஹீட்டர் இயங்கும்போது மட்டும் துள்ளுகிறது. சென்சார்கள் அனைத்தும் சான்றிதழ் பெற்றவை. மென்பொருளில் சேனலுக்கு ஒரு திருத்த எண்ணைக் கொடுத்துவிடலாமா?

மில்லிவோல்ட்:
திருத்த எண்ணைப் பற்றிப் பிறகு யோசிக்கலாம். முதலில் ஒவ்வொரு சேனலின் இரு டெர்மினல்களையும் சிறு செம்புக் கம்பியால் குறுக்கே இணைத்துப் பாருங்கள். எல்லாச் சேனல்களும் பேனல் உள்வெப்பத்தை ஒரேபோலக் காட்டினால், ஸ்கேனரின் பெருக்கியிலும் சுவிட்சுகளிலும் குறையில்லை எனலாம்.

குளிர்சந்தி:
மேற்கண்ட சோதனை நல்லதே, ஆனால் உங்கள் முதல் நான்கு சேனல்களின் நோயை அது காட்டாது. தெர்மோகப்பிள் தருவது உலையில் உள்ள முனை, ஸ்கேனரின் டெர்மினலில் உள்ள முனை ஆகிய இரண்டின் வெப்பநிலை வித்தியாசத்திற்குரிய மின்னழுத்தத்தை மட்டுமே. கே வகையில் அது டிகிரிக்குச் சுமார் 41 மைக்ரோவோல்ட். டெர்மினலின் வெப்பநிலையை ஸ்கேனருக்குள் இருக்கும் ஒரு சிறு சென்சார் அளந்து சொல்ல, கருவி அதைக் கூட்டிக்கொள்கிறது. ஒரு டெர்மினல் அந்தச் சென்சாரைவிட 4 டிகிரி சூடாக இருந்தால், அந்தச் சேனல் 4 டிகிரி குறைத்துக் காட்டும். குறுக்கே இணைக்கும்போது மின்னழுத்தம் சுழியாவதால், எல்லாச் சேனல்களும் அந்தச் சென்சாரின் வெப்பநிலையையே ஒப்பிக்கும். டெர்மினல்களுக்கு இடையிலான ஏற்றத்தாழ்வு வெளியே தெரியாது. முதல் நான்கு டெர்மினல்களின் அருகே சூடாகும் பொருள் ஏதேனும் உள்ளதா?

உலைக்கூடம்:
இருக்கிறது, ஐயா. எஸ்எம்பிஎஸ் (பேனலுக்கு மின்சாரம் தரும் பவர் சப்ளை) அவற்றை ஒட்டியே பொருத்தப்பட்டுள்ளது. கையடக்க வெப்பமானியால் தொட்டு அளந்தபோது இரண்டாம் டெர்மினலில் 46 டிகிரியும் பத்தாம் டெர்மினலில் 42 டிகிரியும் இருந்தன. குறுக்கே இணைத்த சோதனையில் எல்லாச் சேனல்களும் ஒன்றாகவே காட்டின.

குளிர்சந்தி:
அப்படியென்றால் காரணம் அதுதான். இதற்குத் திருத்த எண் கொடுத்தால் காலையில் சரியாகவும் மதியம் தவறாகவும் இருக்கும், ஏனெனில் பேனல் சூட்டோடு பிழையும் மாறுகிறது. எஸ்எம்பிஎஸ்ஸை இடம் மாற்றுங்கள். டெர்மினல்களின் மேல் மூடி போட்டு மின்விசிறிக் காற்று நேரே படாதவாறு செய்து, பேனல் சூடேறி நிலைபெற்ற பிறகே அளவுகளை எடுங்கள். அது முடியாவிட்டால், தெர்மோகப்பிள் கம்பிகளைத் தடித்த அலுமினியத் தகட்டில் பொருத்திய டெர்மினல்களில், தகட்டோடு மின் தொடர்பு இல்லாமல் முடித்து, அங்கிருந்து செம்புக் கம்பி இழுத்து, தகட்டின் வெப்பநிலையை ஒரு பிடி100 (Pt100, பிளாட்டினம் மின்தடை) சென்சாரால் அளந்து மென்பொருளில் கூட்டிக்கொள்ளலாம். அப்போது ஸ்கேனரின் உள்திருத்தத்தை நிறுத்த மறக்கக் கூடாது.

காம்பன்சேட்டிங்:
ஒன்பதாம் சேனலைப் பற்றி: அந்தத் தெர்மோகப்பிளின் முனை உறையோடு பற்றவைக்கப்பட்ட வகையாக இருக்கலாம், அல்லது காப்பு கெட்டு உறையைத் தொடுகிறதா என்று பாருங்கள். சூடான ஹீட்டரின் மின்கசிவு அந்த உறை வழியே சேனலுக்குள் வரும். அதைக் காப்பிடப்பட்ட முனையுள்ள சென்சாராக மாற்றினால் பெரும்பாலும் தீரும். ஸ்கேனரின் ஒருங்கிணைப்பு நேரத்தை (ஒரு அளவுக்காக மின்னழுத்தத்தைச் சராசரியாக்கும் நேரம்) 20 மில்லிவினாடியாகவோ அதன் மடங்காகவோ வைத்தால் 50 ஹெர்ட்ஸ் இரைச்சல் அடங்கும். உலை நிமிடக்கணக்கில் மாறும் பொருள், ஆகவே வேகத்திற்கு இங்கே அவசியமில்லை.

காம்பன்சேட்டிங் கேபிளையும் (தெர்மோகப்பிளை ஸ்கேனர் வரை நீட்டும், அதற்கேற்ற உலோகக் கம்பி) ஒருமுறை சரிபாருங்கள். அமெரிக்க நிறமுறையில் சிவப்பு எதிர்முனை என்பதால், சிவப்பை நேர்முனை என்று எண்ணிக் கேபிளின் இரு கோடிகளிலும் மாற்றி இணைத்துவிடுவதுண்டு. அப்போதும் அளவு ஏறுமுகமாகவே நகரும், ஆனால் உலைப் பக்க இணைப்புப் பெட்டி 60, பேனல் 45 டிகிரி என்றால் 30 டிகிரி குறைவாகக் காட்டும். நிறத்தை நம்புவதைவிடச் சென்சாரின் கம்பியைக் காந்தத்தால் சோதிப்பது மேல்: கே வகையில் எதிர்முனைக் கம்பிதான் காந்தத்தில் ஒட்டும்.

கே வகை 250 முதல் 550 டிகிரி வரையிலான பகுதியில் சூட்டின் வரலாற்றைப் பொறுத்துச் சில டிகிரி நகரக்கூடியது. உங்கள் உலை சரியாக அந்தப் பகுதியில்தான் இயங்குகிறது. அடுத்த முறை சென்சார் வாங்கும்போது ‘என்’ (N) வகைத் தெர்மோகப்பிளைக் கேளுங்கள், ஆனால் ஸ்கேனரின் வகை அமைப்பையும் கேபிளையும் அதற்கேற்ப மாற்ற வேண்டும்.