பவானிசாகர்ல வலை போட: பரிசலா, ஃபைபர் போட்டா?

கேட்டவர்: சத்திக்காரன்

வணக்கமுங்க. பவானிசாகர் அணையில வலை போட ரெண்டு ஆளுக்கு ஒரு படகு வாங்கோணும். உரிமமெல்லாம் சரியா இருக்குது, கேள்வி படகப் பத்தி மட்டும்தான். நரம்பு (நைலான் இழை) வலை, மொத்தம் 40 கிலோ வரும். சாயங்காலம் போட்டு விடியக்காலம் எடுக்கறது. மூங்கில் பரிசல், ஃபைபர் பரிசல், இல்லீன்னா 16 அடி ஃபைபர் போட்டு (மோட்டார் மாட்டற நீளப் படகு), இந்த மூணுல எதுன்னு புடிபடலை. பழைய போட்டு ஒண்ணு 9.9 எச்.பி. மோட்டாரோட விலைக்கு வருது. அகலம் 5 அடி. வருசம் பூரா ஓட்டோணும். எது ஆகுமுங்க?

கரைமேடு

படகுக்கு முன்னால கரையப் பாருங்க தம்பி. அணை 105 அடிக்குப் பக்கமா நிக்கறப்ப எந்தப் படகும் சொகமாத்தான் இருக்கும். கீழ்பவானி வாய்க்காலுக்குத் தொறந்து விட்டு, மாசி பங்குனி ஆச்சுன்னா தண்ணி எங்கியோ உள்ள போயிரும். நடுவுல சேறும் மரக்கட்டையும்தான். 16 அடி போட்டை மோட்டாரோட அந்தச் சேத்துல இழுக்க ரெண்டு ஆள் பத்தாது. பரிசல்னா ஒருத்தரு கவுத்துத் தலைமேல வெச்சுட்டு நடந்துரலாம். அரை அடித் தண்ணியிருந்தாலே மெதக்கும், முழுகிக் கெடக்கற கட்டை மேலயும் வழுக்கிட்டுப் போயிரும்.

ரெண்டு ஆளு, வலை, மீன் எல்லாம் சேத்தா விட்டம் 7 அடி வேணும். வலை காஞ்சப்ப 40 கிலோன்னா, ஈரமும் மீனுமா ஏத்தறப்ப ரெண்டு மடங்கு போட்டுக்கங்க. மூங்கில் பரிசல் வாங்கறப்ப விளிம்புக் கட்டைக் கையில புடிச்சு முறுக்கிப் பாருங்க, கட்டு நெளிஞ்சா வேண்டாம். அடியில இருக்கற சாக்குக்கும் தாருக்கும் நடுவுல காத்துக் குமிழ் இருந்தா அங்கதான் மொதல்ல பிரியும். வருசம் ஒருக்கா நல்லாக் காயவிட்டு மறுதார் பூசோணும். ஈரத்தோட பூசுனா தார் ஒட்டாது, உள்ள மூங்கிலும் மக்கிப் போயிரும். கரையில எப்பவும் கவுத்து, நெழல்ல வைங்க.

மோட்டார்பட்டறை

அண்ணன் சொன்னது கோடைக்குச் சரி. காத்த விட்டுட்டாருங்களே. ஆனி, ஆடியில மேக்க இருந்து அடிக்கற காத்துக்குப் பரிசல் நிக்காது. அடியில நீளக்கட்டை இல்லாததால எந்தப் பக்கமும் ஒரே மாதிரி நழுவும், சுத்தும். காத்துக்கு எதுத்தாப்புல ஒரு துடுப்புல தள்றது ஆகற காரியமில்லை. ஆழியாறு, திருமூர்த்தி, அமராவதின்னா இன்னும் மோசம், பாலக்காட்டுக் கணவாய்க் காத்து நேரா வந்து மோதும். அந்த மாசத்துல பரிசல் வெச்சிருக்கறவங்க காத்துக்கு மறைவான ஓரத்துலயே வலை போட்டுக்கோணும், நடு அணை வேண்டாம்.

பழைய போட்டுன்னா மோட்டார் மாட்டற பின்பலகையை மொதல்ல பாருங்க. சுத்தியல் கைப்பிடியில தட்டுனா டக்குனு கெட்டியாக் கேக்கோணும். பொத்துன்னு கேட்டா உள்ள பிளைவுட் நனைஞ்சு அழுகிப் போச்சு. போல்ட்டுத் தொளை வழியா எறங்கற தண்ணிதான் காரணம். மோட்டாரைப் புடிச்சு மேலயும் கீழயும் ஆட்டுங்க, பலகை அசைஞ்சா விட்டுருங்க. அடித்தரையில குதிகாலை வெச்சு அமுத்துனா குழியக் கூடாது. மேல்பூச்சுல முடி மாதிரிக் கீறல் பரவாயில்லை. அடியும் பக்கமும் சேர்ற மூலையில நீளமாப் போற கீறல் ஆகாது.

பாரத்துக்கு ஒரு கணக்கு இருக்குது. நீளத்தையும் அகலத்தையும் அடியில பெருக்கி 15-ல வகுங்க. 16-ஐ 5-ஆல பெருக்குனா 80, வகுத்தா அஞ்சு பேரு. அது அமைதியான தண்ணியில சும்மா உக்காந்து போறதுக்கு. வலை இழுக்கறப்ப பாரமெல்லாம் ஒரே ஓரத்துக்கு வந்துரும், அதனால பாதிக்கு மேல ஏத்தாதீங்க.

மோட்டார் தண்டு 15 அங்குலம், 20 அங்குலம்னு ரெண்டு அளவுல வரும். பின்பலகை உசரமும் அதுக்குப் பொருந்தோணும். புரொப்பல்லருக்கு மேல இருக்கற தட்டு, படகு அடிமட்டத்துக்கு நேராவோ ஒரு அங்குலம் கீழயோ நின்னாச் சரி. அதுக்கு மேல நின்னா காத்தை இழுத்து மோட்டார் கத்தும், வேகம் வராது. டிரம் தண்ணியில ஓட்டிப் பாருங்க, பின்னால சின்னத் தொளையில மோட்டாரைக் குளிர வெக்கற தண்ணி விட்டு விட்டு இல்லாம பீச்சோணும். பீச்சலீன்னா பம்ப்பு எறக்கை தேஞ்சிருக்கும், இல்லாட்டி ஆகாயத்தாமரை வேர் அடைச்சிருக்கும். டூ ஸ்ட்ரோக்கா இருந்தா பெட்ரோல் லிட்டருக்கு 20 மி.லி. ஆயில்னு பொதுவாச் சொல்லுவாங்க, இருந்தாலும் அந்த மாடலுக்கு என்னன்னு கேட்டுக்கங்க.

வலை போடறப்ப மோட்டாரை அணைச்சுத் தூக்கி வெச்சிருங்க, நரம்பு புரொப்பல்லர்ல சுத்திக்கும். துடுப்பு ரெண்டு எப்பவும் படகுல இருக்கோணும்.

சத்திக்காரன்

நெம்ப நன்றிங்ணா. போய்த் தட்டிப் பாத்தாச்சு. பின்பலகை கெட்டியா இருக்குது, ஆனா நடுத்தரை குதிகாலுக்குக் குழியுதுங்க. ஃபைபர் பரிசலைப் பத்தி யாரும் சொல்லலியே? அதுல சின்ன மோட்டார் மாட்டலாமுங்களா?

ரெசின்வேலை

மாட்டாதீங்க. வட்டப் படகுல ஓரத்துல மோட்டார் வெச்சா அந்தப் பக்கம் அமுங்கிரும், ஓட்டுனா பம்பரமாச் சுத்தும்.

ஃபைபர் பரிசல்ல யாரும் பாக்காத ஒரு விசயம் இருக்குது. மூங்கில் பரிசல்ல தண்ணி ஏறினாலும் மூங்கில் மெதக்கும், அதைப் புடிச்சுத் தொங்கலாம். ஃபைபர் தண்ணியை விடக் கனம். நெறஞ்சா நேராக் கீழ போயிரும். அதனால விளிம்புக்குக் கீழ சுத்தி ஃபோம் வெச்சு மூடுன பரிசலா வாங்குங்க. சொல்றதை நம்பாம, ஓரத் தண்ணியில வாளியால ரொப்பிப் பாருங்க. போட்டுக்கும் இதே சோதனைதான், பலகைக்கடியில ஃபோம் இருக்கோணும். மத்தபடி தார் வேலை மிச்சம், வெயிலுக்கும் மூங்கிலை விடத் தாங்கும். உள்ள வழுக்கும், தேங்கா நார் மிதியடி ஒண்ணு போட்டுக்கங்க.

கல்லு கிழிச்சா நீங்களே ஒட்டலாம். ஓட்டையைச் சுத்தி மூணு அங்குலம் உப்புத்தாள்ல தேச்சு, ஒரு நாள் முழுக்கக் காயவிட்டு, மேட் (கண்ணாடி நார் விரிப்பு) மூணு அடுக்கு ரெசின் நனைச்சு ஒட்டோணும். கிலோ ரெசினுக்கு, அதை இறுக வெக்கற ஹார்ட்னர் 10-ல இருந்து 20 மி.லி., சித்திரை வெயில்ல 10 போதும். அதிகம் ஊத்துனா டப்பாவுலயே கொதிச்சுக் கட்டியாயிரும். கோபால்ட்டையும் (ரெசின் சீக்கிரம் இறுகச் சேக்கற திரவம்) ஹார்ட்னரையும் நேருக்கு நேரா கலக்கவே கூடாது, வெடிக்கும். கோபால்ட்டை ரெசின்ல மொதல்ல நல்லாக் கலக்கிட்டு, அப்பறமா ஹார்ட்னர்.

எந்தப் படகா இருந்தாலும் வலைக்கயிறை விளிம்புல கட்டாதீங்க. அடியில மரத்துல மாட்டி, காத்தும் தள்ளுச்சுன்னா ஓரம் சாஞ்சு தண்ணி உள்ள வந்துரும். கையில புடிங்க, இடுப்புல கத்தி வைங்க, மாட்டுனா அறுத்து விட்டுருங்க. லைஃப் ஜாக்கெட் ரெண்டு பேருக்கும்.

கரைமேடு

காட்டோரக் கரையில அந்தி சாயறப்ப படகை ஒதுக்காதீங்க தம்பி, ஆனை தண்ணிக்கு எறங்கற நேரம். மாயாறு வந்து சேர்ற பக்கம் முதலையும் இருக்குது.

மோட்டார்பட்டறை

தரை குழிஞ்ச போட்டுக்கு விலை பேசாதீங்க தம்பி, அடியில இருக்கற சட்டம் அழுகியோ ஒடிஞ்சோ இருக்கலாம். மோட்டாரைத் தனியாத் தருவாங்களான்னு கேளுங்க, தண்டு அளவை இங்க போடுங்க. அது வரைக்கும் ஃபோம் வெச்ச 7 அடி ஃபைபர் பரிசல் போதும், ஆனி, ஆடியில மட்டும் ஓரமாவே ஓட்டுங்க.

சத்திக்காரன்

தண்டு 20 அங்குலமுங்க.

மோட்டார்பட்டறை

அப்ப பின்பலகை 20 அங்குலம் இருக்கற போட்டாத் தேடுங்க. 15 இருந்தா மோட்டார் ஆழமா நின்னு கட்டையில எல்லாம் இடிக்கும்.