புதுப்பிப்பு: குன்னூர்ப் பனியில் பன்றி ரிப்ஸ்

வீட்டுப் பின்கட்டு விருந்துக்கு, மரத்தூள் பெல்லட்டை எரிக்கும் பெல்லட் கிரில்லில் பன்றி ரிப்ஸ் (விலாக்கறி) புகைபோட்டால், குன்னூர்ப் பனியில் சூடு நிற்குமா என்று கேட்டிருந்தேன். சரி, விருந்து முடிந்தது, எலும்புதான் மிச்சம்.

சூடு நின்றது. 110 டிகிரி செல்சியஸில் வைத்தேன். காற்றடித்தபோது கிரில் கூடுதலாகப் பெல்லட் தின்றது, அவ்வளவுதான். பயப்பட வேண்டியது ஈரத்துக்கு. பெல்லட் என்பது அழுத்திய மரத்தூள். ஈரம் பட்டால் ஊதி உதிர்ந்து, பெல்லட்டை நெருப்புக்குத் தள்ளும் திருகில் அடைத்துக்கொள்ளும். மூட்டையை அரிசி டிரம்மில் மூடிவைத்து, வேண்டும்போது மட்டும் கொட்டினேன்.

எலும்புப் பக்கத்துச் சவ்வை உரித்துவிட்டு உப்பும் மிளகும் தடவினேன். 3 மணி நேரம் புகை, அப்புறம் ஃபாயிலில் சுற்றி 2 மணி நேரம். நடுவில் கறியின் சூடு ஏறாமல் அடம்பிடிக்கும். மேலே கசியும் ஈரம் ஆவியாகிக் குளிர்விப்பதுதான் காரணம். பொறுத்தால் ஏறிவிடும். ஃபாயிலைப் பிரித்து மறுபடி கொஞ்ச நேரம் வாட்டி, இடுக்கியால் தூக்கினேன்: துண்டு தொங்கி வளைந்தது, மேல்பக்கம் விரிசல் விட்டது, எலும்பு நுனி வெளியே தெரிந்தது. வெந்துவிட்டது என்று உடனே இறக்கிவிட்டேன்.

சீகை மரக் கட்டை போடச் சொன்ன அண்ணனுக்கு: வேண்டாம்ணா, இந்தக் கிரில்லில் பெல்லட் மட்டும்தான் போகும். மாமா மட்டும் கடைசிவரை "குழம்பு எங்கே?" என்றே கேட்டுக்கொண்டிருந்தார்.