விடுப்பு முடிந்து மியான்மர் நிவாரணப் பணிக்குத் திரும்புதல்

வினா: தஞ்சாவூரில் அம்மாவுடன் இருந்துவிட்டு, அடுத்த வாரம் யங்கோன் வழியாகச் சகாயிங் செல்கிறேன். 2025 மார்ச் 28 நிலநடுக்கத்திற்குப் பிறகு தொடங்கிய குடிநீர்ப் பணி இன்னும் முடியவில்லை. ஆனால் அம்மா ஒன்றும் சொல்லாமல் நெற்றியில் திருநீறு பூசி வழியனுப்புவது மனத்தைப் பிசைகிறது. திரும்பிய முதல் நாட்களை நீங்கள் எவ்வாறு கடந்தீர்கள்?

மறுமொழி (யங்கோன்): தம்பி, வந்ததும் வேலையில் இறங்க முடியாது. வெளிநாட்டுப் பணியாளர்கள் உள்நாட்டுப் பயணத்திற்கு அனுமதி பெற வேண்டும் என்பதால் காத்திருப்பு எப்படியும் உண்டு. அந்த மாலைகளில் அனவ்ரதா சாலைக் காளி கோயிலுக்கு வாருங்கள். 1871இல் தமிழர் எழுப்பிய அக்கோயிலில் தமிழில் பேச ஆட்கள் இருப்பார்கள்.

மறுமொழி (மோல்மேன்): 2008 நர்கிஸ் புயலுக்குப் பின் ஐராவதிக் கழிமுகத்தில் பணியாற்றியவன் என்ற முறையில் சொல்கிறேன். நீங்கள் ஊரில் இருந்தபோது பணியைச் சுமந்த உள்ளூர்ப் பணியாளர்களில் பலர் தங்கள் வீட்டையே இழந்தவர்களாக இருக்கக்கூடும். போனவுடன் புதிய திட்டம் எதையும் பேசாமல், அவர்கள் சொல்வதைக் கேட்டு, முதலில் அவர்களுக்கு விடுப்புக் கொடுங்கள். எனக்கு இதுவே மிக முக்கியமாகப் படுகிறது.

மறுமொழி (யங்கோன்): இந்தியாவில் மாலை ஆறு மணி என்றால் மியான்மரில் ஏழு மணி, இணையமும் அடிக்கடி தடைபடும். அழைப்பு வராவிட்டால் பதற வேண்டாம் என்று அம்மாவிடம் இப்போதே சொல்லிவையுங்கள்.