டோங்காவின் போஹிவா: உங்களுக்குத் தெரிந்ததைச் சொல்லுங்கள்

நானே ஆரம்பிக்கிறேன். 2019 செப்டம்பர் 12, வியாழக்கிழமை. தெற்கு ஆக்லாந்தில் காய்கறி பேக் செய்யும் கொட்டகையில் காலை ஷிஃப்ட். எங்கள் வரிசையில் பாதிப் பேர் பசிபிக் தீவு நாடான டோங்காவைச் சேர்ந்தவர்கள். டீ இடைவேளை முடிந்து மணி அடித்தும் ஒருவரும் எழுந்து வரவில்லை. போய்ப் பார்த்தால் எல்லோரும் ஒரே போனைச் சுற்றி நிற்கிறார்கள். அவர்கள் நாட்டுப் பிரதமர் அகிலிசி போஹிவா, சிகிச்சைக்காக எங்கள் ஊருக்குக் கொண்டுவரப்பட்டவர், 78 வயதில் காலமாகிவிட்டார். மறுநாள் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டும் பெரியவர் கறுப்புச் சட்டை போட்டு, இடுப்பில் பாய் சுற்றிக்கொண்டு வேலைக்கு வந்தார். அவர்கள் வழக்கத்தில் துக்கத்துக்கு அப்படித்தான் கட்டுவார்கள். சூப்பர்வைசர் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை.

அந்தப் பெரியவர்தான் என்னை ஒரு சனிக்கிழமை ராத்திரி சர்ச் ஹாலுக்கு கவா குடிக்கக் கூட்டிப்போனவர். சேற்றுத் தண்ணீர் மாதிரி இருக்கும், தேங்காய்ச் சிரட்டையில் தருவார்கள், நாக்கு மரத்துப்போகும். போதை என்று பெரிதாக ஒன்றுமில்லை, பேச்சுதான் போதை. போஹிவா பள்ளிக்கூட வாத்தியாராக இருந்தது, ரேடியோ நிகழ்ச்சியில் அரசாங்கத்தைக் கேள்வி கேட்டதற்காக 1985இல் வேலையை விட்டுத் தூக்கியது, அவர் வழக்குப் போட்டு ஜெயித்தது, 'கெலேயா' என்று சின்னப் பத்திரிகை நடத்தியது எல்லாம் அங்கே கேட்டதுதான். தன் அப்பா அந்தப் பத்திரிகையின் ஜெராக்ஸ் பிரதியை பைபிளுக்குள் மடித்து வைத்திருந்ததாகப் பெரியவர் சொன்னார். எதற்கு ஒளித்தார் என்று கேட்டேன். "ஒளிக்கவில்லை, பத்திரமாக வைத்தார்" என்றார்.

---

அண்ணா, நல்ல பதிவு, ஆனால் ஒரு பக்கம்தான் வந்திருக்கிறது. எங்கள் குடியிருப்பில் கீழ் வீட்டில் ஒரு சீனக் குடும்பம். 2006 வரை டோங்கா தலைநகர் நுகுஅலோபாவில் மளிகைக்கடை வைத்திருந்தவர்கள். நவம்பர் 16 கலவரத்தில் கடை எரிந்து, கையில் ஒரு பையோடு விமானம் ஏறியவர்கள். அன்றைக்கு ஊரின் கடைத்தெருவில் பெரும்பகுதி சாம்பல், உயிர்ப்பலியும் உண்டு. மக்களாட்சிச் சீர்திருத்தம் தள்ளிப்போகிறதே என்ற கோபத்தில் கூடிய கூட்டம் அது. கூட்டத்தைக் கூட்டியவர்களில் போஹிவாவும் ஒருவர் என்பதை அந்த ஆன்ட்டி மறக்கவே இல்லை. தீ வைத்தது அவரில்லை என்று நான் சொன்னால், கல்லாப்பெட்டி இப்படி உருகிக் கிடந்தது என்று இரண்டு கையாலும் காட்டுவார். அதற்கு மேல் நான் என்ன வாதாடுவது?

---

சரி, நான் சண்டையை விலக்க வரவில்லை, கணக்குச் சொல்ல வந்தேன். டோங்காவின் பழைய நாடாளுமன்றச் சபையில் நாட்டு மக்கள் அத்தனை பேருக்கும் சேர்த்து 9 இடம். வெறும் 33 பிரபுக்களுக்கும் 9 இடம். போதாததற்கு அரசர் நியமிக்கும் அமைச்சர்களும் சபையில் உட்காருவார்கள். அதாவது எத்தனை தேர்தலில் ஜெயித்தாலும் ஆட்சி கிடையாது. 1987 முதல் போஹிவா அதற்குள்தான் முட்டிக்கொண்டே இருந்தார். 1996இல் சபையை அவமதித்ததாகச் சபையே இரண்டு பத்திரிகையாளர்களோடு சேர்த்து இவரை ஜெயிலுக்கு அனுப்பியது. சிறைவைத்த முறை சரியில்லை என்று நீதிமன்றம் வெளியே விட்டது.

அப்புறம் 2010 சீர்திருத்தம்: மக்களுக்கு 17, பிரபுக்களுக்கு 9. போஹிவா கட்சிக்கு 12. மீதி ஐந்து பேர் பிரபுக்கள் பக்கம் சாய, 14க்கு 12 என்று பிரதமரானவர் துய்வகானோ பிரபு. எனக்கு இன்றும் வயிறு எரிகிற இடம் இதுதான். நாலு வருஷம் கழித்து 15க்கு 11 என்று போஹிவா ஜெயித்தார், அப்போது வயது 73. 2017இல் அரசர் சபையையே கலைத்தார். அந்த நேரம் சபாநாயகர் யார்? அதே துய்வகானோ. மறுதேர்தலில் மக்கள் இடங்கள் 17இல் 14 போஹிவாவுக்கு. தேர்தல் நடந்த தேதி, கலவரம் நடந்த அதே நவம்பர் 16. யாராவது யோசித்து வைத்தார்களா, தற்செயலா, தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

---

கீதா புயலுக்குப் பிறகு 2018இல் டவர் வேலைக்காக மூன்று வாரம் நுகுஅலோபாவில் இருந்தேன். அவ்வளவு சின்ன ஊரில் இருந்தும் போஹிவாவைப் பார்க்கவில்லை, அவருடைய நாடாளுமன்றத்தைத்தான் பார்த்தேன். நூறு வருஷத்துக்கு மேலான மரக் கட்டடம், ஒரே ராத்திரியில் தரைமட்டம். வெள்ளைப் பலகைகள் குவியலாகக் கிடந்தன, ஆணிகள் மேல்நோக்கி. எங்கள் டிரைவர் அவருக்கு ஓட்டுப் போட்டவர், ஆனால் 2019 பசிபிக் விளையாட்டுப் போட்டியைச் செலவைக் காட்டிக் கைவிட்டதற்கு அவர்மேல் கடுங்கோபம். டிரைவரின் மகன் ஓட்டக்காரனாம். வண்டி குலுங்கும்போதெல்லாம் பிரதமரைத் திட்டுவார், குழி தாண்டியதும், "ஆனாலும் எங்க வாத்தியார்" என்பார்.

---

மேலே ஆன்ட்டி கதை எழுதிய தங்கைக்கு: நேற்று ஃபோர்க்லிஃப்ட் பெரியவரிடம் அதைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், அந்தக் கடை எந்தத் தெருவில் இருந்தது என்று கேட்கச் சொன்னார். கேட்டுச் சொல்லுங்கள்.