முழங்கால் வரைக்கும் சாக்ஸ்: போட்டி ஓடுறவங்க அனுபவம் சொல்லுங்க

மெரினாக்காரன்:
ஜனவரி சென்னை மாரத்தான். விடிகாலை இருட்டுல நேப்பியர் பாலத்துக்கிட்ட நின்னா, எந்தப் பக்கம் திரும்பினாலும் முழங்கால் வரைக்கும் இறுக்கு சாக்ஸ் (கம்ப்ரெஷன் சாக்ஸ்). நானும் ஆயிரத்துச் சொச்சம் கொடுத்து ஒரு ஜோடி மாட்டியிருந்தேன். போன வருஷம் 32ஆவது கிலோமீட்டர்ல கெண்டைக்கால் இழுத்து ரோட்டுலயே உட்கார்ந்த பயம்தான். இந்தத் தடவையும் இழுத்துச்சு, 34ல. ரெண்டு கிலோமீட்டர் லாபம்! ஆனா நடுவுல வாராவாரம் நீள ஓட்டம் ஓடிப் பழகியிருந்தேன், முதல் பாதியையும் அடக்கியே ஓடினேன். இதுல சாக்ஸோட பங்கு எவ்வளவுன்னு தெரியல.

பழைய 5000:
தம்பி, நான் வாங்கினது இங்கிலாந்து மாரத்தான் வீராங்கனை பவுலா ராட்கிளிஃப் படத்தைப் பார்த்து. 2003 லண்டன்ல 2:15:25. பெண்கள் மாரத்தான்ல அந்த உலக சாதனை 2019 வரைக்கும் அசையல. அவங்க கால்ல இருந்த நீள சாக்ஸ்தான் என் கண்ணுல பட்டுச்சு, அதுக்குள்ள இருந்த கால் படல.

அப்புறம் நானே சோதிச்சேன். ஆறு வாரம், அதே ட்ராக், 1000 மீட்டரை அதே மாதிரி ஆறு தடவை. ஒரு வாரம் போட்டு, அடுத்த வாரம் போடாம. சராசரி 3:52, 3:51. போடாததுதான் 3:51. அந்த ஒரு செகண்ட் காத்தா இருக்கும், முந்தின ராத்திரி தூக்கமா இருக்கும். வேடிக்கை என்னன்னா, போட்ட நாள்ல எல்லாம் கால் லேசா இருந்த மாதிரியே தோணுச்சு.

2015ல இந்தியானா பல்கலைக்கழகத்துக்காரங்க நல்லாப் பயிற்சி எடுத்த 16 ஆண் ஓட்டக்காரங்களை வச்சுப் பார்த்தாங்க. கெண்டையை இறுக்கினாலும் இறுக்காட்டியும் ஓடுறதுக்கு உடம்பு எடுத்துக்கிற ஆக்ஸிஜன் சராசரியா ஒண்ணுதான். ஆளுக்கு ஆள் கொஞ்சம் ஏறி இறங்குச்சு. அதுலயும் பலன் கூடத் தெரிஞ்சது, இது உதவும்னு நம்பினவங்களுக்கு!

வார்டு அக்கா:
நானும் ஓடுறவதான், ஆனா இந்த சாக்ஸ் எனக்குப் பழக்கமானது வார்டுல. ஆபரேஷன் முடிஞ்சு படுத்திருக்கிறவங்களுக்கு மாட்டிவிடுவோம். கணுக்கால்ல இறுக்கம் அதிகம், மேலே போகப் போகக் குறையும். அசையாத கால்ல ரத்தம் தேங்கிக் கட்டிடக் கூடாதுன்னுதான். ஓடுறவங்களுக்கு அந்த வேலையைக் கெண்டைத் தசையே ஒவ்வொரு அடிக்கும் செய்யுதே. பம்பு ஓடிக்கிட்டிருக்கும்போது வாளி எதுக்கு?

இவ்வளவு தெரிஞ்ச நானே ஒரு ஹாஃப் மாரத்தான்ல வேர்வை தாங்காம மேல்விளிம்பைச் சுருட்டிவிட்டுட்டேன். சுருட்டின இடம் கயிறு கட்டின மாதிரி இறுகி, தடம் போக ரெண்டு நாள் ஆச்சு. நோயாளிகளைத் தினமும் திட்டுற தப்பு அது. ஷூ சைஸ் சொல்லி வாங்காதீங்க. காலையில கால் வீங்குறதுக்கு முன்னாடி கணுக்காலையும் கெண்டையையும் டேப் வச்சு அளந்து வாங்குங்க. சர்க்கரை இருந்து பாதம் மரத்துப்போறவங்க, காலுக்கு ரத்தம் சரியாப் போகாதவங்க டாக்டரைக் கேட்காம தொடவே வேண்டாம்.

கோவை நைட் பஸ்:
அக்கா சொன்னது ஓடும்போது சரி. நான் ஓடி முடிச்சதும்தான் போடுவேன். 2015லயே ஆஸ்திரேலியாவுல மாரத்தான் முடிச்ச 33 பேரை ரெண்டா பிரிச்சு, ஒரு பாதிக்கு 48 மணி நேரம் இறுக்கு சாக்ஸ், இன்னொரு பாதிக்கு அதே மாதிரி தெரியுற இறுக்கமில்லாத சாக்ஸ். ரெண்டு வாரம் கழிச்சு ட்ரெட்மில்ல ஏத்தினப்போ, இறுக்கு சாக்ஸ்காரங்க மாரத்தானுக்கு முன்னாடி தாங்கின நேரத்தைவிட 2.6 சதவீதம் கூடுதலாத் தாங்கினாங்க, மத்தவங்க 3.4 சதவீதம் குறைஞ்சாங்க. சின்னக் கூட்டம்தான், ஆனா அடுத்தடுத்து போட்டி இருக்கிறவனுக்கு அது போதும்.

சென்னையில ஓடிட்டு ராத்திரி பஸ்ல சாக்ஸோட ஊர் திரும்புவேன். முன்னெல்லாம் சேலத்துல டீக்கு இறங்கும்போது படியைப் பிடிச்சுப் பக்கவாட்டுல இறங்கணும். இப்போ நேரா இறங்குறேன். போன தடவை பக்கத்து சீட் பெரியவர் சாக்ஸையே பார்த்துட்டு, "நரம்பு சுருட்டலா தம்பி?"ன்னு கேட்டார். 42 கிலோமீட்டர் ஓடினேன்னு சொன்னேன். நம்பல.