புதுப்பிப்பு: கல்விக் கடனா, வீடா?

தென்னாப்பிரிக்காவில், டர்பனின் சாட்ஸ்வொர்த்திலிருந்து போன மாதம் கேட்டிருந்தேன்: கல்விக் கடனை முதலில் அடைப்பதா, வீட்டுக்கடனுக்கு விண்ணப்பிப்பதா என்று. பதில் எழுதிய அக்கா, அண்ணன்மார் அனைவருக்கும் நன்றி.

வங்கியில் பேசிவிட்டேன். சம்பளச் சீட்டைப் புரட்டியதும் அந்த அதிகாரி விரல் வைத்த இடம் கல்விக் கடன் தவணைதான். அதைக் கழித்த பிறகே எவ்வளவு தருவது என்று கணக்கிடுகிறார்கள். 2018இல் பல்கலைக்கழக மாணவர்களுக்கு அரசு முழு உதவித்தொகை தரத் தொடங்கியபோது வரம்பு, குடும்ப ஆண்டு வருமானம் 3,50,000 ரேண்ட். அப்பாவின் சம்பளம் அதைச் சற்றே தாண்டியது; அதனால்தான் இந்தக் கடன். எங்களைப் போன்ற நடுத்தட்டுக் குடும்பங்களை இப்படித் தொங்கலில் விட்டது அநியாயம். இன்றும் எனக்கு ஆறவில்லை.

முதல் வீடு வாங்குவோருக்கான அரசு மானியத்தைப் பலர் சொன்னீர்கள். குடும்ப மாத வருமானம் 3,501 முதல் 22,000 ரேண்ட் வரை இருக்க வேண்டும். தனியாக நான் அதற்குள் அடங்குகிறேன். திருமணமானால் இருவர் வருமானமும் சேர்ந்து வரம்பைத் தாண்டிவிடும். மானியத்துக்காகக் கல்யாணத்தை இன்னும் தள்ளிப்போடச் சொன்னால் அம்மா எப்படித் தாங்குவார்? தள்ளிப்போட மாட்டோம். மானியம் போனால் போகட்டும்.

வீடு வாங்குபவர் கட்டும் சொத்து மாற்று வரி பற்றிக் கேட்ட தம்பிக்கு: 2025 ஏப்ரல் முதல் 12,10,000 ரேண்ட் வரை விலையுள்ள வீட்டுக்கு அந்த வரி இல்லை. வழக்கறிஞர் கட்டணம் உண்டு, அதை மறந்துவிடாதீர்கள்.

முடிவு இதுதான்: தை மாதம் கல்யாணம், கல்விக் கடன் அடைந்ததும் டர்பனுக்கு வடக்கே உள்ள வெருலத்தில் வீடு தேடுவோம்.